கல்யாணத்துக்குப் பதினொரு ஆதாரம்

என் கொழுந்தனாருக்குப் பெண் பார்த்து, பூ வைத்து, தேதியும் குறித்தாகிவிட்டது. எந்த ஊரில் கல்யாணம் என்பது மட்டும் முடிவாகவில்லை. நாங்கள் அன்னவாசல். பெண் வீடு கீரமங்கலம். கொழுந்தனார் துபாயிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருந்தார்; அதில் பன்னிரண்டு நாள் இந்தப் பேச்சிலேயே கரைந்துபோனது.

"மாப்பிள்ளை ஊர்லதான் தாலி கட்டணும். அதான் நம்ம வழக்கம்" என்றார் என் மாமியார்.

"பொண்ணு ஊர்லதான் கட்டணும். அதான் நம்ம வழக்கம்" என்றார் பெண்ணின் தாய்மாமன்.

இரண்டு வீடும் ஒரே வகையறா. வழக்கம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அது எது என்பதில்தான் தகராறு.

இதைப் பேசித் தீர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேன் வைத்து, ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போனோம். காபி குடித்து முடித்ததும் தாய்மாமன் எழுந்து நின்றார். உரக்கடை வைத்திருப்பவர். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஆள். சட்டைப்பையிலிருந்து நாலு பக்கம் பிரிண்ட் எடுத்த தாளை விரித்தார்.

"புதுக்கோட்டை வட்டாரத் திருமண மரபுகள்: ஓர் ஆய்வு" என்று தலைப்பை வாசித்தார்.

கட்டுரை பேச்சுப்போட்டி போல அருவியாகக் கொட்டியது. 'இவ்வட்டாரத்தில் தொன்றுதொட்டு மணமகள் இல்லத்திலேயே திருமணம் நிகழ்த்தப்படுவது மரபாகும்' என்று வந்த இடத்தில் அவர் நிறுத்தி, நிமிர்ந்து, "மூணு" என்றார்.

"என்ன மூணு?" என்றார் என் மாமனார்.

"வாக்கியத்து முடிவுல மூணுன்னு நம்பர் போட்டுருக்கு மச்சான். அதுக்கு ஆதாரம் கீழ இருக்குன்னு அர்த்தம். மொத்தம் பதினோரு ஆதாரம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் எண்ணைச் சொல்லி நிறுத்தினார். நாலு, அஞ்சு, ஆறு என்று ஏலம் போடுவதுபோல ஏறிக்கொண்டே போனது. பதினொன்று என்றபோது என் மாமியாரின் முகத்தில் முதன்முறையாகக் கலக்கத்தைப் பார்த்தேன். வெறும் வாயால் யார் என்ன சொன்னாலும் அவரால் சமாளித்துவிட முடியும். எண்ணோடு வந்தால் என்ன செய்வது?

எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டேன். காரணம், அந்த எண்களைப் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு.

புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர் திரையில் வலது பக்கம் ஏ.ஐ. எழுதிய பதில் இருக்கும். இடது பக்கம் அது படித்ததாகச் சொல்லும் பக்கங்கள் இருக்கும். பதிலில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் எந்தப் பக்கத்தின் எந்த வரியிலிருந்து வந்தது என்று தேடி, அந்த எண் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை. ஆதாரம் உண்டு, ஆனால் வேறு வாக்கியத்தில் ஒட்டியிருக்கிறது என்றால் மஞ்சள். ஆதாரமே இல்லை என்றால் சிவப்பு. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை இதேதான். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு இப்படி மூன்று கலர் அடித்துக்கொண்டிருக்கிறேனே என்று முதல் மாதம் அழுதேன். பிறகு பிடித்துப்போனது. அடுத்தவர் சொல்வதில் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது!

திரும்பி வரும்போது வேனில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக முன் சீட்டை விட்டு அசையாதவர்.

"ஏத்தா, நீ பாக்குற வேலை இதுதானே?"

"ஆமாத்த."

"அந்தப் பதினொண்ணையும் ஒண்ணு விடாமப் பாரு. ஒண்ணாச்சும் பொய்யா இருக்கும்."

"எல்லாமே உண்மையா இருந்தா?"

"அப்ப எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றார்.

ஏ.ஐ. எழுதிக் கொடுத்த அந்தத் தாளைத் தாய்மாமன் குடும்பக் குரூப்பிலும் போட்டிருந்தார். மறுநாள் காலை பஸ்ஸிலேயே தொடங்கினேன். அன்னவாசலில் உட்கார இடம் கிடைத்தது; புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ஐந்து எண் முடிந்துவிட்டது.

முதல் எண் ஒரு போட்டோகிராபரின் விளம்பரப் பக்கத்துக்குப் போனது. புதுக்கோட்டைக் கல்யாணங்களை அழகாகப் படம் எடுப்போம் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது எண்ணைத் தட்டினால் அப்படி ஒரு பக்கமே கிடையாது. மூன்றாவதுதான் முக்கியமானது, தாய்மாமன் நிமிர்ந்து நின்று சொன்னது. அது ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கம். புதுக்கோட்டை என்றுதான் போட்டிருந்தது. ஆனால் தூத்துக்குடிப் பக்கம் இருக்கிற புதுக்கோட்டை! அந்த ஊர் பெயரும் அதேதான் என்பது அந்த மெஷினுக்குத் தெரியவில்லை. உரக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து முன் சீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தார். நாலும் ஐந்தும் ஒரே பக்கம். அது கல்யாணப் பத்திரிகை மாடல்கள் விற்கும் கடை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆறிலிருந்து பார்த்தேன். ஆறு, சிவப்பு. ஏழுக்கு வந்தேன்.

'மறுநாள் விருந்தில் ஆட்டுக்கறிக் குழம்பு முக்கிய இடம் பெறுகிறது' என்ற வாக்கியத்தின் முடிவில் இருந்தது ஏழு. தட்டினால் ஒரு சமையல் வீடியோ. கீழே, வீடியோவில் பேசியதை முழுக்க எழுத்தாகவும் போட்டிருந்தார்கள். 'அன்னவாசல் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி வைக்கும் கிராமத்துக் கறிக்குழம்பு' என்று தலைப்பு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். பெரிய அண்டா, புகை, கரண்டி பிடித்த கை. குரல் வந்தது. கையில் இருந்த தயிர்சாத உருண்டை கையிலேயே நின்றுவிட்டது.

என் மாமியார்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குலசாமி கோயில் கிடாவெட்டுக்கு இரண்டு பையன்கள் கேமராவோடு வந்து, மாமியார் குழம்பு வைப்பதைப் படம் எடுத்துப் போனார்கள். லிங்க் அனுப்புகிறோம் என்று சொன்னவர்கள் அனுப்பவே இல்லை. அந்த வருத்தத்தை மாமியார் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வீடியோ இப்படிச் சுற்றி, கீரமங்கலத்து உரக்கடை வழியாக, ஏழு என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது.

அதோடு போயிருந்தால் தமாஷாக முடிந்திருக்கும். மிளகாய்த் தூளைப் போட்டுக் கிளறிக்கொண்டே மாமியார் சொல்கிறார்: "எங்க கல்யாணம்லாம் எங்கப்பா வீட்டு வாசல்லதான் நடந்துச்சு. பொண்ணு ஊர்ல வச்சுத்தானே தாலி கட்டுறது, அதானே நம்ம பக்கத்து வழக்கம். மறுநா கறிவிருந்துக்கு இந்தக் கொழம்புதான்."

மூன்று தடவை திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை. மீதி நாலையும் தட்டிப் பார்த்தேன், எல்லாம் சிவப்பு. பதினொன்றில் உருப்படியான ஆதாரம் இது ஒன்றுதான். அதுவும் எதிராளிக்குச் சாதகமான ஆதாரம், எங்கள் வீட்டு வாயிலிருந்தே. மெஷின் அதைக் குழம்பு வாக்கியத்தில் மட்டும் ஒட்டிவிட்டதால் அவர்களுக்கு அது தெரியாது. ஏழு இருக்க வேண்டிய இடம் மூன்று இருந்த இடம்.

ஆபீஸாக இருந்தால் மஞ்சள் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமியாரை அடுப்படிக்கு அழைத்து, வீடியோவைக் காட்டினேன். முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்தப் பச்சைச் சேலைதான் கட்டிருந்தேனா? நல்லாத்தான் இருக்கு. எத்தனை பேர் பாத்துருக்காங்க?"

"நெறைய பேர் பாத்துருக்காங்க. அத்த, நீங்க பேசுறதக் கேட்டீங்களா?"

"கேக்குறேன், கேக்குறேன். குரல் ஏன் இப்புடிக் கம்முது?"

"என்ன சொல்றீங்கன்னு கேளுங்கத்த."

அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டேன். மலர்ச்சி மெதுவாக இறங்கியது. போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க மாமனார் வீட்டுக்கு அப்ப ஓடு மாத்திக்கிட்டு இருந்தாங்க. உக்கார எடம் இல்ல. அதனால எங்க ஊர்ல வச்சாங்க. அம்புட்டுத்தான்."

"அப்ப 'அதானே வழக்கம்'னு எதுக்குச் சொன்னீங்க?"

"கேமராவப் பாத்ததும் வாயில வந்துச்சு, சொன்னேன். அதப் போயி ஒருத்தன் எழுதி வைப்பான்னு கண்டேனா?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அவுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நம்பர் தப்பான எடத்துல இருக்கு."

"அப்ப அது அங்கிட்டே கெடக்கட்டும். நீ கைய வைக்காத."

சரி என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. ஆனால் மாமியாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரகசியம் என்பது கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதை விட மனசு வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு மீன் குழம்பில் நடுத்துண்டு விழுந்தது.

அடுத்த உத்தரவு இரண்டு நாளில் வந்தது. "அதே மெஷின்கிட்ட நீயும் கேளு. மாப்பிள்ளை ஊருன்னு எழுதித் தரட்டும்."

"அது என்ன கேட்டாலும் எழுதும்த்த. அதனால அது உண்மைன்னு ஆகாது."

"அவுங்க கேட்டப்ப ஆச்சுல்ல?"

போனை எடுத்தேன். கேட்டேன். 'புதுக்கோட்டை வட்டாரத்தில் மணமகன் ஊரில் கல்யாணம் நடத்துவதே மரபு என்று ஆதாரத்தோடு எழுது' என்று அடித்து முடித்ததும் ஐந்து பக்கம் வந்து விழுந்தது. தொன்றுதொட்டு என்ற சொல் அதிலும் இருந்தது. ஆதாரம் பதிமூன்று. கீழே பட்டியலைப் பார்த்தேன். அதே போட்டோகிராபர், அதே தூத்துக்குடிப் பக்கத்து மண்டபம், அதே பத்திரிகைக் கடை. சாட்சிகள் ஆறு பேர் கட்சி மாறியிருந்தார்கள். வீடியோ மட்டும் நல்லவேளையாக அதில் வரவில்லை.

மாமனார் தாளை வாங்கி, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். "அவுங்களவிட ரெண்டு கூட" என்று திருப்தியாக மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய்மாமன், பெண்ணின் அப்பா, அம்மா, கூட நாலைந்து பேர். பூசணிக்காய் அளவுக்கு இரண்டு பலாப்பழம் கொண்டுவந்திருந்தார்கள். சண்டை போட வந்தாலும் கீரமங்கலத்துக்காரர்கள் வெறும் கையோடு வருவதில்லை. மாமனார் எங்கள் தாளை வாசித்தார். பதிமூன்று என்று முடித்தபோது தாய்மாமன் அசரவில்லை.

"இந்தப் பொண்ணு ஆபீஸ்ல இதே வேலைதானாமே பாக்குது" என்று என்னைக் காட்டினார். "அதே சொல்லட்டும். ரெண்டு தாளையும் பாத்து எது சரின்னு சொல்லட்டும். நாங்க கட்டுப்படுறோம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார் மட்டும் பலாச்சுளையைப் பார்த்தார்.

ஒன்று முதல் தொடங்கினேன். போட்டோகிராபர் என்றதும் பெண்ணின் அப்பா சிரித்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், தாய்மாமனைத் தவிர. அதே மண்டபம் எங்கள் தாளிலும் இருக்கிறது என்று சொன்னதும் அவரும் சிரித்தார். என் மாமனார் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எனக்கு உள்ளே குதூகலமாக இருந்தது. ஆபீஸில் நான் என்ன கண்டுபிடித்தாலும் கேட்க ஆள் கிடையாது. இங்கே பதினைந்து பேர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு முடிந்தது.

"ஏழு..." என்று இழுத்தேன். "ஏழு ஒரு சமையல் வீடியோ. கறிக்குழம்பு. அது கெடக்கட்டும். எட்டு..."

"அத நான் பாத்தேன்" என்றார் பெண்ணின் அம்மா. நிச்சயமான நாளிலிருந்து அதிகம் பேசாதவர், சாதுவானவர். "தட்டிப் பாத்தா வீடியோ வந்துச்சா, சத்தத்த நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் பாத்தேன். மசாலா வதக்குற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தம்மா கொழம்புல தண்ணியக் கூட்டிருச்சு."

நான் மாமியாரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"தண்ணி ஒண்ணும் கூடல" என்றார் மாமியார்.

"இல்ல மதினி, நீங்க பாத்தா தெரியும். ரசமாட்டம் ஓடுது."

"அது கொதி வந்தப்ப எடுத்தது. எறக்குறதுக்குள்ள வத்திக் கெட்டியாத்தான் இருந்துச்சு. கடைசிய அந்தப் பயலுக போடல!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று மாமியாருக்குப் புரிந்தது. பெண்ணின் அம்மா முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டார்; பிறகு கண்ணை அகல விரித்தார்.

"மதினி, அது நீங்களா?"

"நாந்தான்" என்றார் மாமியார். அதைச் சொல்லும்போது அவரை அறியாமல் தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் யார் விடுவார்கள்? வீடியோவைப் போடு என்றார்கள். என் கொழுந்தனாரே போய் அதை டிவியில் போட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. பெரிய திரையில் மாமியார் மிளகாய்த் தூளைப் போட்டார். "எங்க கல்யாணம்லாம் எங்கப்பா வீட்டு வாசல்லதான் நடந்துச்சு" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "பொண்ணு ஊர்ல வச்சுத்தானே தாலி கட்டுறது, அதானே நம்ம பக்கத்து வழக்கம்."

தாய்மாமன் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமக்கூட மறந்துவிட்டார். "நிறுத்து, நிறுத்து. திரும்பப் போடு."

திரும்பப் போட்டார்கள்.

"ஓடு மாத்துனதச் சொல்லாம விட்டுட்டியேடி" என்றார் மாமனார், மெதுவாக.

நல்லவேளை, யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. தாய்மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்ணின் அம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். மாமியார் சுளையிலிருந்து கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டார். இன்னொன்றையும் எடுத்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நானே எழுந்து, "அது ஓடு மாத்துனதாலதான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையால் என்னை அமர்த்தினார்.

"சரி. ஒங்க ஊர்லயே வைங்க" என்றார். "ஆனா மறுநா கறிவிருந்து இங்கதான். கொழம்பு நாந்தான் வைப்பேன். தண்ணி கூடுதா கொறையுதான்னு வந்து பாருங்க."

பெண்ணின் அம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கரண்டிய நான் புடிக்கிறேன் மதினி. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்." அதற்குமேல் யாரும் எட்டாவது எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர்கள் வேன் ஏறிப் போன பிறகு என் கணவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

அவர் சிரித்த சிரிப்பில், வெளியே நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்தார்.

கல்யாணம் கீரமங்கலத்தில் நல்லபடியாக நடந்தது. முகூர்த்தத்துக்கு முன் மழை பிடித்து, மண்டப வாசலில் சேறு. பூ மலிவான வாரம் என்பதால் மணவறையில் மல்லிகை சரம் சரமாகத் தொங்கியது. தாய்மாமன் வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் ஆதாரம் பாக்குற பொண்ணு" என்று அறிமுகம் செய்தார். அதற்குப் பிறகு அவர் அடிக்கடி ஏதாவது தாளைக் குரூப்பில் போட்டு, 'பாத்துச் சொல்லும்மா' என்று கேட்பார். பலாப்பழம் தின்றபின் மோர் குடிக்கலாமா என்று ஒரு தாள். மஞ்சள், சிவப்பு என்று நானும் எழுதி அனுப்புவேன். இதுவரை ஒன்றுக்கும் பச்சை வந்ததில்லை. அவரும் நிறுத்துவதாக இல்லை.

மறுநாள் அன்னவாசலில் கறிவிருந்து. சம்பந்திகள் இருவரும் அண்டாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, உப்பு காரம் பார்ப்பதிலேயே ஒரு கிண்ணம் குழம்பைக் காலி செய்திருந்தார்கள். நான் புதுப்பெண்ணுக்கு இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதோடு பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"அந்தத் தாள் மாமா எழுதுனது இல்ல. நாந்தான் போன்ல கேட்டு எடுத்துக் குடுத்தேன். எங்கூடப் படிச்சவளுக எல்லாம் கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம். இம்புட்டுத் தூரம் வரமாட்டாளுக. அதான்."

"கெட்டிக்காரிதான்" என்றேன்.

"இல்லக்கா, முழுசாக் கேளுங்க. மூணு தடவை கேட்டேன். மொதல் ரெண்டு தடவை மாப்பிள்ளை ஊருன்னுதான் எழுதுச்சு. மூணாவது தடவைதான் 'பொண்ணு ஊருன்னு எழுது'ன்னு சொன்னேன். தப்பாக்கா?"

இருவரும் சிரித்துவிட்டோம். இலையில் குழம்பு விழுந்தது. கெட்டியாக இருந்தது. பரிமாறிக்கொண்டு வந்த மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்னத்தச் சிரிக்கிறீங்க?" என்றார்.

"கொழம்பு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்த்த" என்றாள் அவள், முகம் மாறாமல்.

இவளோடு ஒரே வீட்டில் இருப்பதில் எனக்குக் கஷ்டமே இருக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.